படிக்காத கட்டுரைக்கும் பட்டியலில் இடம்!
போலி மேற்கோள், திரும்பப் பெற்ற ஆய்வு, ‘மேலது’ குழப்பம்: ஆய்வு மாணவர்களைத் துரத்தும் ரெஃபரன்ஸ் தலைவலி

வைவா நடக்கும் கருத்தரங்க அறையை நினைத்துப் பாருங்கள். வாசலில் வருகைப் பதிவேடு. பின்வரிசையில் ஜூனியர் ஆய்வாளர்கள், பக்கத்து அறையில் தட்டில் அடுக்கிய மிக்சரும் மைசூர்பாகும், நெறியாளரின் மேசை ஓரத்தில் மடித்து வைத்த பொன்னாடை. நான்கைந்து ஆண்டு உழைப்பை நாற்பது ஸ்லைடுகளில் சொல்லி முடித்து மாணவி மூச்சு வாங்குகிறார். வெளியூரிலிருந்து வந்திருக்கும் புறத்தேர்வாளர் முன்னுரையையும் தொடுவதில்லை, முடிவுரையையும் தொடுவதில்லை. ஆய்வேட்டைப் பின்பக்கமாகத் திறந்து பட்டியலில் விரலை ஓட்டுகிறார்.

“இந்த நாற்பத்தேழாவது ரெஃபரன்ஸ்... இதைப் படிச்சீங்களாம்மா?”

“படிச்சேன் சார்.”

“எந்த ஊர்ல செஞ்ச ஆய்வு அது? எத்தனை பேர்கிட்ட தகவல் வாங்கினாங்க?”

மாணவி நெறியாளரைப் பார்ப்பார். நெறியாளர் மேற்கூரையைப் பார்ப்பார். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானது. முன்பெல்லாம் அந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: கட்டுரை இருக்கிறது, மாணவர் படிக்கவில்லை. இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு கட்டுரையே இல்லாமலும் இருக்கலாம்.

யாரும் எழுதாத கட்டுரைகள்

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்குத் துறைக்கு ஒரு பெயர். தமிழ்த்துறையில் ‘ஆய்வு முன்னோடிகள்’, செவிலியர் கல்லூரியில் ‘ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்’, பொறியியலில் ‘லிட்ரேச்சர் சர்வே’. வேலை ஒன்றுதான். இந்தப் பொருளில் எனக்கு முன்னால் யார் என்ன செய்தார்கள், எதை விட்டார்கள், நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆய்வேட்டிலேயே மாணவர்கள் அதிகம் தள்ளிப்போடும் அத்தியாயமும் இதுதான். அதனால் ஏ.ஐ. வந்ததும் முதலில் அதன் தலையில் கட்டப்பட்டதும் இதுவே.

சாட்ஜிபிடியிடம் ‘இந்தத் தலைப்பில் பத்து கட்டுரைகள் கொடு’ என்றால் கொடுக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். 2023-ல் வால்டர்ஸ், வைல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி வந்த 636 மேற்கோள்களைச் சரிபார்த்து ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். சாட்ஜிபிடியின் 3.5 பதிப்பு தந்தவற்றில் 55 சதவீதமும், 4-ஆம் பதிப்பு தந்தவற்றில் 18 சதவீதமும் முழுக் கற்பனை. மிச்சம் இருந்த உண்மையான கட்டுரைகளிலும் ஆண்டிலோ எண்ணிலோ பிழைகள் இருந்தன. அதன் பிறகு வந்த பதிப்புகள் இணையத்தில் தேடிவிட்டுப் பதில் சொல்கின்றன. கற்பனை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

ஏன் இப்படி? மொழி மாதிரி என்பது நூலக அட்டவணை அல்ல. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடும் இயந்திரம் அது. கேழ்வரகு பற்றிய கட்டுரைக்கு எப்படிப்பட்ட தலைப்பு வரும், எந்த இதழில் வரும் என்ற சாயல் அதற்குத் தெரியும். அந்தச் சாயலிலேயே ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். போலி என்று கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பெரும்பாலும் ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, கட்டுரை மட்டும் பொய். நியூயார்க்கில் 2023-ல் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி வந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார், இல்லை. ஆய்வேட்டைத் தேடிப் பார்க்க எத்தனை தேர்வாளர்களுக்கு நேரம் இருக்கிறது?

பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போட்டால் அது அநியாயம். மனிதர்கள் இதை ஏ.ஐ.க்கு முன்பே செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

▌பெட்டிச் செய்தி: மாதிரிப் படிவத்திலிருந்து தப்பிய பேய்
‘தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயின்டிஃபிக் ஆர்ட்டிகிள்’. ஆசிரியர் வான் டெர் கீர் மற்றும் இருவர், ஆண்டு 2000. பல கட்டுரைகளின் பட்டியலில் இது இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு கட்டுரை வெளிவந்ததே இல்லை, அந்த இதழும் கிடையாது. ‘ரெஃபரன்ஸை இப்படி எழுத வேண்டும்’ என்று காட்ட ஒரு பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் போட்டு வைத்த உதாரணம் அது. படிவத்தை இறக்கி அதன் மேலேயே கட்டுரையைத் தட்டச்சு செய்தவர்கள் உதாரணத்தை அழிக்க மறந்தார்கள். 2017-ல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் இந்தக் கதையை வெளியிட்டபோது, இல்லாத கட்டுரைக்கு ஏறக்குறைய 400 மேற்கோள்கள் சேர்ந்திருந்தன.

காப்பியடித்த பிழை காட்டிக்கொடுத்தது

2003-ல் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர் ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ தவறு. 196 பேரும் தனித்தனியாகத் தவறியிருந்தால் தவறுகளும் விதவிதமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 45 வகைதான். ஒரே ஒரு பிழை 78 முறை வந்திருந்தது. யாரோ ஒருவர் தவறாக எழுத, அடுத்தவர் மூலத்தைத் திறக்காமல் அவருடைய பட்டியலிலிருந்து எடுத்துப் போட, அடுத்தவர் அவரிடமிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படிக்கிறவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம்தான் என்பது அவர்களின் மதிப்பீடு.

படிக்காமல் சுட்டுவதில் பெரிய ஆபத்து பக்க எண் பிழை அல்ல. அந்தக் கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாமல் போவதுதான். கொரோனா காலம் நினைவிருக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்த நோயாளிகளிடையே இறப்பு அதிகம் என்று 2020 மே 22-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையை நிறுத்தி வைத்தது. கட்டுரையின் தரவைத் தந்தது ‘சர்ஜிஸ்பியர்’ என்ற நிறுவனம். மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது அது காட்டவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆனால் முதல் வாரத்தில் இறக்கிய பி.டி.எஃப். யாருடைய லேப்டாப்பில் இருந்ததோ, அங்கே அது இன்றும் செல்லுபடியாகும் கட்டுரைதான்.

இது ஒற்றைச் சம்பவமாகவும் நின்றுவிடவில்லை. 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் பெரும்பங்கு ‘ஹிந்தாவி’ என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசுக்குக் கட்டுரை செய்து தரும் ‘பேப்பர் மில்’களின் சரக்கு அந்த இதழ்களுக்குள் புகுந்ததே காரணம். இப்படித் திரும்பப் பெற்றவற்றின் பட்டியலை ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ பராமரிக்கிறது, இலவசமாகவே பார்க்கலாம். மேற்கோள்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் ‘ஸொட்டீரோ’ மென்பொருள் 2019 முதல் அந்தப் பட்டியலோடு இணைந்திருக்கிறது. உங்கள் சேகரிப்பில் உள்ள கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் சிவப்பு எச்சரிக்கை வரும். அந்த மென்பொருளைப் பயன்படுத்த இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ராகி, நாச்சினி, மண்டுவா

சரி, தேடல். கூகுள் ஸ்காலரில் ஒரு வரி தட்டினால் லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாகச் சொல்லும். அதில் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டாது. முதல் பக்கத்தில் வந்த பத்தை இறக்கி, ‘டவுன்லோட்’ ஃபோல்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணோடு போட்டு வைப்பதைத்தான் பலர் முன்னாய்வுத் தேடல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேழ்வரகில் உள்ள கால்சியம் பற்றி ஒரு முதுகலை மாணவி ஆராய்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் ‘ஃபிங்கர் மில்லட்’ என்று தேடினால் ஒரு கூட்டம் வரும். ‘ராகி’ என்று தேடினால் வேறொரு கூட்டம். தாவரவியல் பெயரான ‘எலூசின் கோரகானா’ போட்டால்தான் பயிர் மரபியல் கட்டுரைகள் தலைகாட்டும். மகாராஷ்டிரத்தில் அதற்கு நாச்சினி என்று பெயர், உத்தராகண்டில் மண்டுவா. அந்தப் பயிரின் தாய்வீடு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்பதால் எத்தியோப்பியா, உகாண்டா ஆய்வுகளையும் பார்த்தாக வேண்டும். இந்தப் பெயர்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ‘ஆர்’ போட்டு அடைப்புக்குள் வைத்து, ‘ஆண்ட்’ போட்டுக் கால்சியத்தைச் சேர்த்து, இரண்டு சொல் பெயர்களை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் சிதறிக் கிடந்தது ஒரே வலையில் வரும். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டு, எத்தனை முடிவுகள் வந்தன என்று நோட்டில் எழுதி வைப்பது இரண்டு நிமிட வேலை. மருத்துவ, செவிலியத் துறைகளில் முறைசார் மீளாய்வு செய்கிறவர்களிடம் 27 அம்சங்கள் கொண்ட ‘பிரிஸ்மா 2020’ பட்டியல் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, ‘இதை முன்பே தேடினோமா?’ என்ற சந்தேகம் வரும்போது அந்த நோட்டின் அருமை தெரியும்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் தேடுசொற்களை ஒதுக்கி வைத்துவிடலாம். அந்தக் கட்டுரையின் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் அதற்கு முந்தையவை கிடைக்கும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’யைத் தட்டினால் அதற்குப் பின் வந்தவை கிடைக்கும். இரண்டு பக்கமும் போய், பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் அந்தப் பொருளின் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நம்பலாம்.

உள்ளூர்ச் சரக்கையும் விடக்கூடாது. கோவை வேளாண் கல்லூரி மாணவர் சங்கம் 1913-ல் தொடங்கிய ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ இன்றும் வருகிறது. சிறுதானியம் ‘ஃபேஷன்’ ஆவதற்கு வெகு காலம் முன்பே நம் ஊர்க் கேழ்வரகைப் பற்றி எழுதிய இதழ் அது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டிப் பொழிந்த கட்டுரைகளை மட்டும் அடுக்கிவிட்டு ‘இத்துறையில் ஆய்வுகள் குறைவு’ என்று எழுதும் வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பழைய தொகுதிகள் அடுக்கியிருக்கும் அலமாரி ஞாபகம் வருகிறது.

கதவு யாருக்குத் திறந்தது?

கட்டுரை இருப்பது தெரிகிறது. திறந்தால் 30, 40 டாலர் கேட்கிறது. உதவித்தொகையில் ஓடும் மாணவருக்கு அது பெரிய தொகை. இந்த நிலையை மாற்றத்தான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் நடுவே ஒரு புதிய கோட்டையும் அது போட்டுவிட்டது.

▌பெட்டிச் செய்தி: ஒரே நாடு ஒரே சந்தா
மத்திய அமைச்சரவை ஒப்புதல்: 2024 நவம்பர் 25. ஒதுக்கீடு: 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். பதிப்பகங்கள்: 30. இதழ்கள்: சுமார் 13,000. நிறுவனங்கள்: 6,300-க்கும் மேல். பயனாளிகள்: சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். ஒருங்கிணைப்பு: காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’.

பட்டியலில் இருப்பவை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் ஆய்வு மையங்களும். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகளாக இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிக்கும் இரண்டு பேரில், அரசுக் கல்லூரி மாணவருக்குக் கதவு திறக்கிறது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்குப் பூட்டியே இருக்கிறது. இதைவிட வேதனை, திறந்த கதவே தெரியாதவர்கள். உள்ளே நுழைய நூலகத்தில் பதிந்து பயனர் கணக்கு வாங்க வேண்டும். தன் கல்லூரிக்கு அந்த வசதி இருப்பதே தெரியாமல் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். கேட்டுக்கொண்டிருக்கும் அரசுக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீரும் விஷயம் இது.

பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் பல ஆண்டுகளாகப் போன இடம் ‘சைஹப்’. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011-ல் தொடங்கிய தளம். மூன்று பெரிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிவை இப்படி விலைபோட்டு விற்பது சரிதானா என்ற கேள்வியில் என் அனுதாபம் மாணவர் பக்கம்தான். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. வழக்கு தொடங்கிய பிறகு அங்கே புதிய கட்டுரைகள் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிட்டதால், சமீபத்திய ஆய்வுகளுக்கு அதை நம்பிய மாணவரின் முன்னாய்வு 2020-லேயே உறைந்து நிற்கிறது.

சட்டப்படியான வழிகள் நினைப்பதைவிட அதிகம். ‘அன்பேவால்’ என்ற இலவச நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால், பூட்டிய கட்டுரையின் இலவசப் பிரதி வேறெங்காவது சட்டப்படி இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். மருத்துவத்துக்கு ‘பப்மெட் சென்ட்ரல்’, இயற்பியல், கணிதம், கணினித் துறைகளுக்கு 1991 முதல் இயங்கும் ‘ஆர்கைவ்’. இந்திய ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’: 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இலவசம். இவை எதிலும் இல்லாவிட்டால், கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதலாம். தன் கட்டுரையை யாரோ ஒருவர் காரைக்குடியிலிருந்து கேட்கிறார் என்றால் அனுப்பாத ஆசிரியர்கள் குறைவு. விற்றதில் அவர்களுக்கு ஒரு பைசாவும் வருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

எந்த இதழை நம்புவது என்பது தனிக் கேள்வி. நம்பத்தகுந்த இதழ்கள் என்று யு.ஜி.சி. பராமரித்து வந்த ‘கேர்’ பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி நல்ல இதழ் எது என்று கல்லூரிகளே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் குறைகள் இருந்தன. ஆனாலும் நெறியாளரிடம் வாதாட ஒரு காகிதமாவது மாணவர் கையில் இருந்தது.

அப்பா பெயரில் சேரும் புகழ்

பல்கலைக்கழக வாசல்களில் டி.டி.பி. கடைகள் இருக்கும். ஸ்பைரல் பைண்டிங், அலைன்மென்ட், கலர் பிரின்ட், ‘ரெஃபரன்ஸ் செட்டிங்’. சமர்ப்பிப்பதற்கு முந்தைய வாரம் அங்கே போய் உட்கார்ந்து, ஏ.பி.ஏ. நடையில் இருந்த இருநூறு மேற்கோள்களைக் கையாலேயே வேன்கூவர் எண் முறைக்கு மாற்றும் மாணவர்களை இன்றும் பார்க்கலாம். ஒரு சொடுக்கில் முடியும் வேலை இது.

ஸொட்டீரோ 2006 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். மெண்ட்லேயும் இலவசம்தான், 2013-ல் எல்சேவியர் அதை வாங்கிவிட்டது. எண்ட்நோட்டுக்குக் காசு. மூன்றும் செய்வது ஒன்றையே. உலாவியில் பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் விவரங்கள் உங்கள் சேகரிப்பில் விழும். கையில் இருப்பது கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் மட்டும் என்றால் அதை ஒட்டினாலே போதும். வேர்டில் எழுதும்போது வேண்டிய இடத்தில் சொருகினால் பட்டியல் தானே உருவாகும். ஆயிரக்கணக்கான இதழ் நடைகள் தயாராக இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு என் பதில் ஸொட்டீரோ. வேறு மென்பொருளுக்கு மாறவேண்டி வந்தாலும் சேகரிப்பை முழுசாக வெளியே எடுக்கலாம். அதன் தரவு ஃபோல்டரை மட்டும் கூகுள் டிரைவுக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போகும். அதற்கென்று இருக்கும் ஒத்திசைவு வசதியைப் பயன்படுத்துங்கள்.

மென்பொருள் விழுங்கியதை அப்படியே நம்பவும் கூடாது. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், ஆண்டு விட்டுப்போகும், ஒரே கட்டுரை இரண்டு முறை ஏறும். இவை எல்லா நாட்டு மாணவர்களுக்கும் உள்ள தொல்லைகள். நமக்கென்று தனியாக ஒன்று உண்டு: முன்னெழுத்து.

இந்த மென்பொருள்களும் இதழ் நடைகளும் ‘குடும்பப் பெயர், முதற்பெயர்’ என்ற வார்ப்பில் செய்யப்பட்டவை. தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட் படிவத்தில் ஆரம்பித்த வினை இது. பிரியா என்ற மாணவி, குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா முருகனின் பெயரை எழுதுகிறார். கட்டுரை வெளியானதும் உலகெங்கும் அவர் ‘முருகன், பி.’ ஆகிவிடுகிறார். முருகன் எந்த ஆய்வகத்துக்கும் போனதில்லை, மேற்கோள் புகழ் முழுக்க அவருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் முன்னெழுத்தாகச் சேர்ந்தால், கூகுள் ஸ்காலர் கண்ணுக்கு அவர் வேறொரு ஆள். பத்தாண்டு உழைப்பு இரண்டு மூன்று பெயர்களில் பிரிந்து கிடக்கும்.

நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-ல் உலகுக்குத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதனே இந்தச் சிக்கலுக்கு உதாரணம். சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன்: முதலாவது ஊர், இரண்டாவது அப்பா, மூன்றாவதுதான் அவர். நல்லவேளையாக, பட்டியல்களில் அவர் ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்றே இடம்பிடித்துவிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நான்காவது விதி. தமிழ்ப் பெயர்களைத் தேடி அலையும் வாசகரின் நேரத்துக்கு வழி என்ன? ஸொட்டீரோவில் பெயருக்கு இரண்டு கட்டங்களுக்குப் பதில் ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மற்றவர்களின் தமிழ்ப் பெயர்களை ஏற்றும்போது அது உதவும். உங்கள் பெயர் சிதறாமல் இருக்க ‘ஆர்கிட்’ என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். 2012 முதல் இலவசமாகத் தருகிறார்கள். முன்னெழுத்து எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது.

பத்து சதவீதத்துக்குள் ஒளிதல்

ஆய்வு மாணவர்கள் தூக்கத்தில்கூடப் புலம்பும் சொல் ‘சிமிலாரிட்டி’, அதாவது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஆய்வேடு ஒத்துப்போகும் சதவீதம். யு.ஜி.சி.யின் 2018 விதிகள் அந்தப் பயத்தைப் படிகளாக வரையறுத்திருக்கின்றன.

▌பெட்டிச் செய்தி: எத்தனை சதவீதம், என்ன தண்டனை
10 வரை: தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை: அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை: திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல்: பதிவே ரத்து. உரிய முறையில் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது.

கடைசி வாக்கியத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒழுங்காக மேற்கோள் குறியிட்டுச் சுட்டியிருந்தால் பயப்படவே வேண்டாம். அதை விட்டுவிட்டு, அடுத்தவர் பத்தியைச் சொல்மாற்று மென்பொருளில் போட்டு எடுத்தால் எண் குறையும். கூடவே அபத்தமும் வரும். 2021-ல் கபானாக், லபே, மகாசினோவ் என்ற மூவர் இப்படிப்பட்ட கட்டுரைகளை வேட்டையாடினார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ ஆகியிருந்தது, பிரெஸ்ட் கேன்சர் ‘பூசம் பெரில்’ ஆகியிருந்தது. ஒற்றுமைச் சோதனையில் தேறிய அந்தக் கட்டுரைகள் படிக்கத் தெரிந்த மனிதர் கண்ணில் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டன.

சதவீத எண்ணை அளக்க மென்பொருள் இருக்கிறது. சுட்டிய கட்டுரை உண்மையில் அதைத்தான் சொல்கிறதா என்று அளக்க நெறியாளரும் புறத்தேர்வாளரும்தான் இருக்கிறார்கள். ஒரு நெறியாளரிடம் எட்டுப் பேர் ஆய்வு செய்யும் இடத்தில், பட்டியலில் ஐந்தே ஐந்து கட்டுரைகளைத் திறந்து காட்டச் சொல்லும் வழக்கத்தை டாக்டரல் கமிட்டிக் கூட்டங்களில் கொண்டுவந்தால் போதும். நாற்பத்தேழாவது ரெஃபரன்ஸ் வைவா வரை வராது. செலவும் இல்லை.

‘மேலது’ எங்கே போனது?

இவ்வளவும் ஆங்கிலத்தில் ஆய்வு செய்கிறவர்கள் கதை. தமிழில் செய்கிறவர்கள் பாடு வேறு.

தமிழ்த்துறை ஆய்வேட்டின் அடிக்குறிப்பைப் பாருங்கள். முதலில் நூலின் முழு விவரம். அடுத்து ‘மேலது, ப. 45’. அதற்கடுத்து ‘மேலது, ப. 52’. நெறியாளர் நடுவில் ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்த கணமே கீழே இருக்கும் ‘மேலது’ எல்லாம் தாவி, புதிதாக வந்த நூலைச் சுட்ட ஆரம்பித்துவிடும். கா. சிவத்தம்பி சொன்னது வையாபுரிப்பிள்ளை சொன்னதாகிவிடும். கையால் தட்டிய பட்டியலில் இது யார் கண்ணிலும் படாது. மேற்கோள் மென்பொருளில் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு குறிப்பும் தன் நூலோடு கட்டுண்டு இருக்கும், எங்கே நகர்த்தினாலும் விவரம் மாறாது. தமிழ் ஆய்வாளர்களுக்கு இந்த மென்பொருளின் முதல் பயன் இதுதான். ஆங்கில நடைகள் ‘எட் ஆல்’ என்று தமிழ்ப் பட்டியலுக்குள் எழுதி வைக்கும், அதைப் பின்னால் ‘மற்றும் பிறர்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் பரவாயில்லை.

தேடல் இன்னும் கடினம். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன்பும், பின்பும்கூட, ஆய்வேடுகள் விதவிதமான எழுத்துருக்களில் தட்டச்சாயின. திரையில் தமிழாகத் தெரிவது, தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்து ஏற்றியவை வெறும் படங்கள். சோத்கங்காவில் நீங்கள் தேடும் தமிழ் ஆய்வேடு இருந்தும் சிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தால் எழுத்துக்கூட்டலில் ஆளுக்கொரு வழி. சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ போட்டும் தேட வேண்டும், ‘சி’ போட்டும் தேட வேண்டும், நடுவில் ‘டி’ ஒரு தடவை, ‘டி.ஹெச்.’ ஒரு தடவை. வெளிநாட்டு நூலக அட்டவணைகள் பெரும்பாலும் ‘சி’யில்தான் வைத்திருக்கும். தமிழ் இதழ்களில் டி.ஓ.ஐ. எண் உள்ளவை அரிது என்பதால் மென்பொருளின் மந்திரப் பொத்தானும் இங்கே கைகொடுக்காது, விவரத்தைக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

பட்டியல் போடும் மரபு இல்லாத மொழியா என்றால் அதுவும் இல்லை. அச்சான தமிழ் நூல்களுக்கு ஜான் மர்டாக் 1865-லேயே வகைப்படுத்திய அட்டவணை வெளியிட்டார். தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, தமிழியல் பற்றிப் பிற மொழிகளில் வந்த நூல்களைத் திரட்டி 1966-ல் வழிகாட்டி நூலாகக் கொடுத்தார். கூகுள் இல்லாத காலத்தில் கடிதம் எழுதியும் நூலகம் நூலகமாக ஏறி இறங்கியும் திரட்டியவை. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் ‘நூலகம்’ தளம் இருக்கிறது. ஆனால் சிற்றிதழ்க் கட்டுரைகளுக்கும், கருத்தரங்கக் கோவைகளுக்கும், துறை வெளியிட்ட ஆய்விதழ்களுக்கும் ஒருங்கிணைந்த கட்டுரை அடைவு எங்கும் கிடையாது. அதனால் ஒரே தலைப்பில் மூன்று பல்கலைக்கழகங்களில் மூன்று ஆய்வேடுகள், ஒன்றுக்கொன்று தெரியாமல். ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் ஆய்விதழின் பொருளடக்கத்தை மட்டும் யூனிகோடில் தட்டி இணையத்தில் போட்டால், முதுகலை மாணவர்களின் ஒரு பருவச் செய்முறை வேலைக்குள் முடிந்துவிடும்.

அதுவரை நேரில்தான் போயாக வேண்டும். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், அதே தரமணியில், 1994-ல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரரான முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அங்கே இருக்கின்றன. படம் எடுக்க அனுமதி கிடைத்தால் வேண்டிய பக்கத்தை எடுப்பதற்கு முன் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். பதிப்பாண்டு, பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில், 1930-களின் இதழ் ஒன்றின் தொகுதி எண்ணுக்காகத் திருநெல்வேலியிலிருந்து தரமணிக்கு ரயில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.